நீ கட்டிக் கொடுத்த படகு

காலையில் கடையில் உட்கார்ந்து, அறுந்துபோன பல்பு ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் உருகும்போது ஒரு புகை வருமே, அது மூக்கில் ஏறியதும் பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பி, "டீ சொல்லட்டுமாடா?" என்று கேட்டுவிட்டேன். உன் நாற்காலியில் சீரியல் செட் மூட்டைதான் இருந்தது. கேட்டது கேட்டாகிவிட்டது என்று ரெண்டு டீ வரவழைத்து ரெண்டையும் நானே குடித்தேன். போன ஆடியில் பனித்திட்டு அம்மன் திருவிழாவில் நடந்ததை உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

வில்லியனூரில் இந்த லைட் செட் கடையை ஆரம்பித்த நாளிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். தூக்குவது, கட்டுவது, ஏணியிலிருந்து விழுவது என் பங்கு. எந்த பல்பு எப்போது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று புரோகிராம் எழுதுவது உன் பங்கு. நானோ பத்தாவதையே இரண்டு தவணையில் தேறியவன். நீ எழுதுவதை எட்டிப் பார்த்தால் சர்க்கரை டப்பாவைக் கண்ட எறும்பு வரிசை மாதிரி இருக்கும். எழுதி முடித்ததும் அதை மெஷினுக்கு மட்டும் புரிகிற வடிவத்துக்கு மாற்றுவாய். கம்பைல் பண்ணுவது என்பாய். மயில் ஒரு துண்டு, குதிரை ஒரு துண்டு, குத்துவிளக்கு ஒரு துண்டு என்று செய்து, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகச் சுருட்டி மெமரி கார்டில் போடுவாய். பல்புகளால் உருவம் காட்டும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரில் கார்டைச் செருகினால், அது பொட்டலத்தைத் திறந்து, கேட்ட துண்டை ஏற்றி ஓட்டும்.

எழுதினதை அப்படியே கார்டில் போட்டால் என்னடா என்று ஒருநாள் கேட்டேன். "போட்டா நாளைக்கே அடுத்த செட்டுக்காரன் போர்டுல நம்ம மயிலு ஆடும். கம்பைல் பண்ணத உருவினான்னு வையி, அவன் போர்டு அளவுக்கு வெட்டித் தைக்க முடியாது" என்றாய். நம் தொழிலின் லட்சணம் அது. திருவிழாக் கூட்டத்தில் கார்டை உருவி நகல் எடுத்து மறுபடி செருகிவிட்டு, நம்மிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பொட்டலத்துக்குள் நீ எழுதாததையும் வைப்பாய். பல்பை எரிய வைக்க வேறு யாரோ எழுதிய துண்டுகள் எல்லாம் உள்ளே இருக்கும். "வெளியூர் சமையலுக்குப் போறவன் அங்க போயி உப்பு இருக்கான்னு கேக்கக் கூடாதுடா" என்பாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பேசியபோதும் வேலைப் பேச்சுதான். "பனித்திட்டு அம்மனுக்குப் படகு ரெடி. கார்டுல கட்டிட்டேன். ஏத்தி உடு, அவ்ளோதான்." படகு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "எரியும்போது பாருடா" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ எழுந்து உட்காரவில்லை. கொஞ்ச நாளில் உன் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கும் உன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. நீ எழுதிய எறும்புகள் அத்தனையும் அதோடு போயின. மிஞ்சியது அந்தக் கார்டு ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து, ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டர் வோல்டேஜ் எகிறி நம் குட்டிக் கம்ப்யூட்டர் கருகியது. மூலக்குளத்துக் கடையில் புதிது வாங்கினேன். "எல்லாம் லேட்டஸ்டா போட்டுக் குடுத்துருக்கேன்" என்றார் கடைக்காரர். லேட்டஸ்ட் என்றதும் எனக்குப் பெருமை. அப்படியே பனித்திட்டுக்குக் கொண்டுபோய், கோயில் முன்னால் போர்டை நிறுத்தி, கார்டைச் செருகினேன். ஒரு பல்பு கண் சிமிட்டவில்லை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற என் மகள் கூட வந்திருந்தாள். லேப்டாப்பை இணைத்துப் பார்த்து, "பேட் மேஜிக் நம்பர்னு வருதுப்பா" என்றாள்.

"மேஜிக்கா? எவன்டி செய்வினை வச்சது?"

"ஐயோ அப்பா! கம்பைல் பண்ண துண்டுக்கு முன்னாடி ஒரு நம்பர் இருக்கும். எந்த வெர்ஷன்ல பண்ணதுன்னு அது சொல்லும். மாமா பழைய வெர்ஷன்ல பண்ணிருக்காரு. இது புதுசு. நம்பர் ஒத்துவரலைன்னா ஏத்தவே ஏத்தாது."

வேறு கல்யாணத்துப் பத்திரிகையோடு பந்தியில் உட்கார்ந்த கதை என்று புரிந்துகொண்டேன்.

"படகு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு, நானே புதுசா எழுதறேன்" என்றாள்.

அதுதானே சிக்கல்! அந்தப் படகை எவன் பார்த்தான்? நீ ஒருவன்தான் பார்த்திருந்தாய். ஏற்றினால்தான் தெரியும். ஏற்றாவிட்டால் அது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஊர்த் தலைவர் வந்து நின்றார். "இன்னாபா, எரியுமா எரியாதா? பொழுது சாயப்போவுது. முடியலன்னா டியூப் லைட்டைக் கட்டிட்டுப் போ."

"எரியும் அண்ணே."

"எப்போ?"

"எரியும்போது."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் வீட்டுக்காரம்மா பிள்ளைகளோடு வந்து மணலில் உட்கார்ந்திருந்தார். "எரியும்ல அண்ணே?" என்று அவரும் கேட்டார். டியூப் லைட்டை வண்டியை விட்டு இறக்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

"பொட்டலத்தை மாத்த முடியாதுன்னா மெஷினை மாத்து. உங்க மாமா வச்சிருந்த அதே பழசைப் போடு" என்றேன் மகளிடம். அவள் கார்டில் இருந்த நம்பரை வைத்து வெர்ஷனைக் கண்டுபிடித்தாள். அதை இறக்க என் போனில் சிக்னல் வேண்டும். கடலோரம், ஒரு கோடு வரும், போகும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடையில் ஏறுவதைவிட உயரமாக ஏணியில் ஏறி நின்றேன். கீழே போனவர்கள், "யாருபா அது, காக்காவுக்கு சோறு வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கை மரத்துப்போயிற்று. இறங்கவில்லை.

ஒருவழியாகப் பழசு ஏறியது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை அந்த மெஷின். உப்பு, புளி, மிளகாய் எல்லாம் நீ உள்ளேயே வைத்திருந்தாய்.

முதலில் நீல அலை எழுந்தது. அலைமேல் படகு வந்தது, நடுவில் அம்மன். கூட்டம் கும்பிட்டது. உன் வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். படகு கரை தட்டியதும், போர்டின் ஓரத்தில் மஞ்சள் பல்புகளில் ஒரு ஆள் முளைத்தான். வழுக்கைத் தலை, மடித்துக் கட்டிய லுங்கி, அதற்குமேல் ஒரு தொப்பை. ஏணியின் உச்சியில் நின்று படகைப் பார்த்துக் கை ஆட்டினான்.

"அப்பா! அது நீதாம்பா!" என்று மகள் கத்தினாள். ஊரே திரும்பி, ஏணியில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தது. அழுதுகொண்டே உன் வீட்டுக்காரம்மாவும் சிரித்தார். அடப்பாவி! கம்பைல் பண்ணிவிட்டால் எவனும் படிக்க முடியாது என்கிற தைரியம்தானே உனக்கு?

மறுநாள் தலைவர் கேட்டார். "எல்லாம் நல்லாருந்துச்சுபா. அம்மனுக்கு எதிர்ல அந்தக் குண்டு ஆளு இன்னாத்துக்கு? அடுத்த வருசம் எடுத்துடு."

"எடுக்க முடியாது அண்ணே. கம்பைல் பண்ணது."

இந்த ஆடிக்கும் அதே கார்டுதான். இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய வெர்ஷன் ஏறிய மெஷினில், 'அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கம்பைல் பண்ணியதைப் பிரித்துப் பார்க்கவும் ஏதோ வழி இருக்கிறதாம். மகள் கற்றுக்கொண்டு வந்து, "அந்த ஆளை எடுத்துடவாப்பா?" என்று கேட்டாள்.

கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.