இடுப்புப் போன டிரைவரின் நேரலை

ஆகஸ்ட் 4, திங்கள்
ஜீப்பு ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம். இந்த டிரைவர் சோலை இல்லாமல் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் போடிமெட்டு மலை ஏற முடியாது என்று நினைத்திருந்தேன். தினமும் ஏறுகிறார்கள். என் ஜீப்பை முத்துப்பாண்டி ஓட்டுகிறான். என் மனைவி வீரலட்சுமியும் அதில்தான் காய் எடுக்கப் போகிறாள். "பதனமாத்தான் ஓட்டுறான், குலுங்கவே இல்ல" என்கிறாள். ரொம்ப சந்தோஷம்.

மகள் பவித்ரா ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில், மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டு இருக்கிறது. அதை நேரலையில் ஓட்டிக் காட்டப் போகிறேன். யார் டிரைவர் என்று ஊர் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 5
முதல் நேரலை. இரண்டாவது வளைவிலேயே படம் உறைந்து நின்றது. பார்த்தவர் ஒருவர். அதுவும் நான்தான், செல்போனில்.

ஆகஸ்ட் 7
நெட் போட்டுக்கொடுத்த பிரதீப்பைக் கூப்பிட்டேன். "நூறு ஸ்பீடுண்ணே, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். நூறு, நமக்கு வருவதற்கு. நம்மிடமிருந்து போவதற்கு ஐந்துதானாம். நானோ ஆறு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் ஓவர்லோடு ஏற்றியவனுக்கு இது புரியாமல் போனதே! மூன்றாகக் குறைத்தேன். படம் கொஞ்சம் மங்கல். மெட்டில் பனிமஞ்சு இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 10
வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து கேபிள் இழுத்தேன். "துணி காயப்போட வசதி" என்று வீரலட்சுமி பாராட்டினாள். பின்னால் தானாக ஓடிய அப்டேட்டுகளை நிறுத்தினேன். கம்ப்யூட்டரைத் திறந்து விசிறித் தூசியை ஊதினேன். ஒரு தலையணைக்குத் தேறும்.

ஆகஸ்ட் 12
ஒரு மணி நேரம், எங்கேயும் நிற்கவில்லை! நாற்பது பேர் பார்த்தார்கள். இடுப்பு வலியே தெரியவில்லை. பொய். உயிர் போகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்
சாயங்கால நேரலை. வளைவில் லாரி இறங்குகிறது. திரை ஓரத்தில் முத்துப்பாண்டியின் செய்தி: "அண்ணே, நாங்களும் மெட்டு எறங்குறோம். போன முன்னாடி மாட்டி ஒங்களத்தான் பாத்துக்கிட்டே வர்றேன்."

டைப் அடித்திருக்கிறான். எந்தக் கையால்?

"டேய், போன அமத்துடா! ரோட்டப் பாருடா!" மைக்கில் கத்தினேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. "செம காமெடிண்ணே" என்று யாரோ. வீரலட்சுமி அந்த ஜீப்பில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டால் அதையும் எடுத்துப் பேசுவான், படுபாவி— கேபிளைப் பிடுங்கி எறிந்தேன்.

அவள் வந்து சேரும்வரை வாசலிலேயே நின்றேன். நன்றாகத்தான் வந்தாள். "பாதியில நின்னுபோச்சாம். ஒங்க நெட்டு சரியில்லன்னு வழியெல்லாம் வஞ்சுக்கிட்டே வந்தான்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 15
முத்துப்பாண்டி வீட்டுக்குப் போய் நன்றாகக் கேட்டுவிட்டேன். "சும்மா லேசாத்தாண்ணே பாத்தேன்" என்றான். ஜீப்பிலிருந்த போன் மாட்டியைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்
நெட் பிரமாதம். கம்ப்யூட்டர் பிரமாதம். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று அறுபது பேர் கேட்கிறார்கள். மெட்டில் மழை, ஜீப்பு இன்னும் இறங்கவில்லை. வீரலட்சுமி வீட்டுக்கு வரட்டும்.