வினீத்துக்கு ஒரு வரவேற்பு

காரோடு,
9 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் என் பிரிய விமலாவுக்கு,

நீயும் ராபின்சனும் வினீத்தும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை நேற்று என் கண்ணாலேயே கண்டேன். உங்கள் ஹூஸ்டன் சபைக்காரர்கள் போட்ட வீடியோவை நம் உபதேசியார் என் போனுக்கு அனுப்பியிருந்தார். வினீத் எவ்வளவு வளர்ந்துவிட்டான். கோட்டும் டையுமாக நின்று பேசுகிறான். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாமே, ஆகஸ்டில் படிப்பு தொடங்குமாமே. பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவளுக்கு இதை உபதேசியார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை என் மகள் லிஷா சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு நீங்கள் எல்லாரும் சேவைப் பயணமாக நம் கடப்புறத்துக்கு வந்தபோது, முகாமில் காய்ச்சலோடு படுத்திருந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு அவன் தன் கையால் ஊசி போட்டானாம். அவள் எழுந்து நடந்து போனதை நினைக்கும்போதெல்லாம் டாக்டராக வேண்டும் என்று தோன்றுமாம். அவனுக்குப் பின்னால் பெரிதாக அவள் படத்தைக் காட்டினார்கள். லிஷாவின் படம்தான். பெஞ்சில் படுத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அவள் காலைப் பற்றி நீ ஒன்றும் வருத்தப்படாதே. நடந்தது நடந்துவிட்டது. போனில் கூப்பிட்டால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான், நீ அமெரிக்கா போன புதிதில் எழுதிக்கொண்ட மாதிரி காகிதத்தில் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. படிப்பு தொடங்குவதற்கு முன் வினீத்தை ஒரு தடவை இங்கே அனுப்பு. குழுவோடு வரட்டும். அதே கோயில் ஹாலில் முகாம் வைக்கலாம். ஜனங்களை நான் கூட்டுகிறேன். எங்கள் கையால் அவனுக்கு ஒரு மாலை போட வேண்டும்.

அன்புடன் உன்
சத்தியபாய்


ஹூஸ்டன்,
2 மார்ச் 2025

என் சத்தியா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்கவே பயந்தேன். வாசித்து முடித்ததும் சோபாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீ என்னை வெறுத்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உன் மனசு யாருக்கு வரும்?

போன் எடுக்காததற்குக் கோபப்படாதே. ராபின்சன்தான் எடுக்க வேண்டாம் என்றார். இங்கே இப்படிப்பட்ட விஷயத்தில் எதையாவது பேசிவிட்டால் அப்புறம் வக்கீல், கேஸ் என்று போய்விடும். நான் மனசுக்குள் லிஷாவுக்காக ஜெபிக்காத நாள் இல்லை. நான் அனுப்பிய பிளாஸ்டிக் பட்டை காலுக்குச் சரியாக இருக்கிறதா?

வினீத் வருவான். ஜூலையில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்று சபையில் சொல்லியாயிற்று. எனக்கு லீவு கிடைக்காது, ராபின்சன் கூட்டிக்கொண்டு வருவார். ஒரே ஒரு காரியம், சத்தியா. அவனுக்கு அந்த விஷயம் தெரியாது. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டு, நான் தனியாக உன் வீட்டுக்கு வந்து பார்த்தது அவனுக்குத் தெரியாது. ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டு நடந்து போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு அவள் பெங்களூருக்குப் படிக்கப் போய்விட்டாள் என்றும் சொன்னேன். ரொம்ப இளகிய மனசு அவனுக்கு. தயவுசெய்து அவனிடம் ஒன்றும் சொல்லாதே. லிஷாவை அந்த ஒரு நாள் வேறு எங்காவது அனுப்பிவிடு.

இன்னொன்று. போட்டோ எடுக்கப் போகிற வீடுகளை நீயே பார்த்துத் தேர்ந்தெடு. போன தடவை ஒரு வீட்டில் பெரிய டிவி இருந்தது, படம் ஒன்றுக்கும் உதவவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்
விமலா


காரோடு,
21 ஏப்ரல் 2025

பிரிய விமலாவுக்கு,

நேற்று உயிர்த்தெழுந்த ஞாயிறு. கோயிலிலேயே பொழுது போய்விட்டதால் இன்று எழுதுகிறேன். லிஷாவின் அப்பா எலியா மீனுக்குப் போகவில்லை, கடல் இளகிக் கொந்தளித்துக் கிடக்கிறது. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இப்போது கற்கள் மட்டும்தான் உண்டு.

நீ கேட்டபடியே செய்கிறேன். வினீத்திடம் என் வாயால் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து எழுதுகிறேன். நீ என்னை நம்பலாம்.

பட்டையைப் பற்றிக் கேட்டாயே. அது லிஷாவின் காலுக்குப் பெரிது. துணி சுற்றிப் போட்டுக்கொள்கிறாள். பாதம் மேலே எழும்பாததால் செருப்பு காலில் நிற்பதில்லை, பின்னால் ஒரு வார் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பாறசாலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். உட்கார்ந்து செய்கிற வேலை. திருவனந்தபுரம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இருந்து வந்த செலக்‌ஷன் கடிதத்தை அவளே அடுப்பில் போட்டுவிட்டாள். பந்து விளையாட்டை டிவியில் யாராவது வைத்தாலும் எழுந்து போய்விடுவாள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நீ கேட்டதால் எழுதினேன்.

டிவி உள்ள வீடுகளை விட்டுவிடுகிறேன். கடல் எடுத்த வீடுகள் பத்துக்கு மேல் உண்டு, படத்துக்கு நன்றாக இருக்கும். மேடையில் வினீத் பேசட்டும். அந்தப் பெரிய படத்தையும் கொண்டுவரச் சொல். ஜனங்களுக்கு அதைப் பார்க்க ஆசை.

என்றும் உன்
சத்தியபாய்


ஹூஸ்டன்,
24 ஜூலை 2025

சத்தியபாய்,

என் பிள்ளையை என்ன செய்தாய்? ராபின்சன் குழுவோடு திரும்பி வந்துவிட்டார். வினீத் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசலிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டானாம். பாறசாலையில் ஏதோ லாட்ஜில் இருக்கிறானாம். தான் சேர வரவில்லை என்று கல்லூரிக்கு அவனே எழுதிவிட்டான். காரணத்தையும் எழுதிவிட்டான். சபையில் தலை காட்ட முடியவில்லை.

நான் கூப்பிட்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறான். "நீங்க அன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போனீங்களா, அம்மா?" போனேன் என்று நேற்றுச் சொன்னேன். போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

வேதத்தின் மேல் கை வைத்து எழுதினாயே. ராபின்சன் எதையும் முழுதாகச் சொல்ல மறுக்கிறார். நீ சொல். என்ன நடந்தது?

விமலா


காரோடு,
9 ஆகஸ்ட் 2025

விமலாவுக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அன்று வினீத்திடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஹால் நிறைய ஜனம். ராபின்சன் அந்தப் பெரிய படத்தை மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார். மாலை போட்டோம். வினீத் எழுந்து தனக்குத் தெரிந்த தமிழில் பேசினான். "இந்த ஊர்ல ஒரு பொண்ணு. அவங்களாலதான் நான் டாக்டர் ஆகப் போறேன்" என்றான். யாரும் கை தட்டவில்லை. தமிழ் புரியவில்லையோ என்று நினைத்து அவன் மறுபடி அதையே சொன்னான்.

லிஷாவிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கடையில் இருந்து வரும்போது வீட்டுச் சாவியை ஹாலில் கொண்டுவந்து தா என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றதும், மேடையில் படத்தைப் பார்த்ததும், திரும்பிப் போகத்தான் பார்த்தாள். நான் கை நீட்டிக் கூப்பிட்டேன். ஹால் நடுவே நடந்து வந்தாள். உனக்கு அந்த நடை தெரியாது. பாதம் தரையில் தட்டாமல் இருக்க முழங்காலை மேலே தூக்கி வைக்க வேண்டும். சிமென்ட் தரையில் பட்டை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வினீத் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"லிஷாதானே? பெங்களூர்ல இல்லையா? கால்ல என்ன ஆச்சு?"

பக்கத்து வீட்டு அப்புக்குட்டன் அண்ணன்தான் எழுந்தார். அவர் அன்று வரிசையில் லிஷாவுக்கு அடுத்து நின்றவர்.

"நீ குத்துன ஊசியாக்கும் மக்கா. நரம்புல கேறிப்போச்சுன்னு திருவனந்தரத்து டாக்டரு சொன்னாரு. இவளுக்க அப்பன் தோளுல தூக்கிக்கொண்டாக்கும் போனான். நீங்க எல்லாம் அப்போ பூவாறுல டூர் போட்டுல ஏறப் போயாச்சு."

ராபின்சன் எழுந்து வந்து வினீத்தின் தோளைப் பிடித்தார். "அதொண்ணும் இல்ல. அது வேற கேஸ். அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலயே உள்ளது" என்றார்.

விமலா, அது வரைக்கும் லிஷா தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"பிறவியிலயா? நான் ஓடினத காணாத ஆளு இந்தக் கடப்புறத்தில உண்டா? உண்டுன்னா எழும்பி நில்லுங்க."

ஒருவரும் எழும்பவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் ஊர்ப் பிள்ளைகள் போன்களைக் கீழே இறக்கினார்கள். வினீத் தன் அப்பாவின் கையைத் தோளில் இருந்து எடுத்தான். "அவங்க நடந்து போயிட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தான்.

இவ்வளவுதான் நடந்தது. நான் திட்டமிட்டது இதைத்தான். பிப்ரவரியில் முதல் கடிதம் எழுதின அன்றே திட்டமிட்டேன். அந்தக் கடிதத்தில் இருந்த பிரியத்தை நீ அப்படியே நம்பினாய் பார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

லிஷா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. "எனக்கு வேண்டியா செய்தா? உனக்க வாசிக்கும் வைராக்கியத்துக்கும் நீ என்ன நடக்க வச்சா" என்றாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

சத்தியபாய்


ஹூஸ்டன்,
30 ஆகஸ்ட் 2025

சத்தியா,

நீ எழுதியதில் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் கோபத்தை என் மேல் காட்டு. என்னை அங்கே வரச் சொல், ஜனங்கள் முன்னால் நிறுத்து, வருகிறேன். பிள்ளையை விட்டுவிடு. அன்று அவனுக்கு இருபது வயது. டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில், "பழகிக்கொள், பயப்படாதே" என்று ஊசியை அவன் கையில் கொடுத்தது நாங்கள்.

உபதேசியாரிடம் போனில் பேசினேன். வினீத் காலையில் எலியாவோடு கரைமடி வலை இழுக்கப் போகிறானாம். கையெல்லாம் கயிறு கிழித்துப் புண்ணாகிவிட்டதாம். தினமும் உன் வாசலில் வந்து நிற்கிறானாம். சத்தியபாய் ஆன்ட்டி போகச் சொன்னால் போகிறேன் என்று உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறான்.

ஒரு வார்த்தைதான், சத்தியா. "நீ வீட்டுக்குப் போ" என்று அவனிடம் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

விமலா


காரோடு,
17 செப்டம்பர் 2025

விமலா,

உன் கடிதம் கிடைத்தது. உன் பிள்ளையின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எலியா கேட்டுக்கொண்டதால் அவன் கைக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். பசித்து நின்றால் கஞ்சியும் கொடுக்கிறேன். அவன் உண்மை தெரிந்ததும் ஓடிப் போகவில்லை. அந்தக் குணம் உங்கள் இரண்டு பேரிடமும் இருந்து வந்ததல்ல.

நேற்று மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றான். "ஆன்ட்டி, நான் வீட்டுக்குப் போகட்டுமா? நீங்க சொல்லுங்க" என்றான். உள்ளே இருந்து லிஷா கூப்பிட்டாள்.

"அம்மா, அவன போவச் சொல்லு. தெனமும் அந்த முகத்தக் காண எனக்குக் கழியாது. என்னைய நெனச்சாவது சொல்லு."

எலியாவும் என்னைப் பார்த்தார். நான் அரிசியைக் கழுவி உலையில் போட்டேன். அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

நீ கேட்கிற வார்த்தை எனக்குத் தெரியாததல்ல. நாக்கு நுனியில்தான் இருக்கிறது. இரண்டு வருஷம் நான் உன்னிடம் கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. போனை எடுத்து, "லிஷா எப்படி இருக்கா" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், பிப்ரவரியில் நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். மணி அடித்து அடித்து நிற்கும்போது நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று உனக்கு இப்போது தெரியும்.

நாளைக்கும் வருவான். நாளைக்கும் நான் சொல்லப் போவதில்லை. லிஷா அழுதாலும் சொல்லப் போவதில்லை. என்றைக்குச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

நீ எழுது. எல்லாவற்றையும் வாசிப்பேன்.

சத்தியபாய்