மண்டபம் காலியான வாரம்

ஜனவரி 19, திங்கள்

காலையிலிருந்து தூறல். தலவாக்கலையில் பஸ் தாமதம். குடைக் கம்பி ஒடிந்தது. வாங்க வேண்டியவை: குடை, சிவப்புப் பேனா, தலைவலித் தைலம்.

பாடசாலை மண்டபத்தில் இன்னும் கீழ் லயத்துக் குடும்பங்கள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள். மண் சரிந்து லயத்தின் பின்சுவரில் மோதிய நாளிலிருந்து இங்கேதான். பொங்கலும் இங்கேயே பொங்கினார்களாம். காயப்போட்ட சேலைகளுக்குக் கீழே குனிந்து வகுப்புக்குப் போகிறேன்.

பாடசாலை அதிபர் கூப்பிட்டார். ஒன்பதாம் ஆண்டுக்குச் சுகாதாரப் பாடத்தில் ‘உள நலமும் மீண்டெழும் ஆற்றலும்’ முதலில் நடத்த வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. பிள்ளைகளின் மனக்கவலையைப் போக்க வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு தொண்டர் குழு வருகிறது.

“புள்ளைங்க கொஞ்சம் சிரிச்ச மொகமா இருக்கட்டும் டீச்சர்.”

அவர் முகத்திலேயே சிரிப்பு இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மழை இல்லை. பனிமூட்டம்.

கரும்பலகையில் எழுதியவை: நல்லதையே நினைத்தல். போதிய உறக்கம். நம்பிக்கையானவரிடம் மனம் விட்டுப் பேசுதல். எழுதும்போதே கை கூசியது. வகுப்பில் பாதிப் பேர் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் படுத்து எழுந்து வந்தவர்கள்.

பிறகு மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடு, மெதுவாக இழு, கொஞ்சம் நிறுத்து, மெதுவாக விடு. எல்லோரும் செய்தார்கள். முன்வரிசை சுகன்யா மட்டும் கண்ணை மூடவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை. அம்மாவோடும் இரண்டு தங்கைகளோடும் மண்டபத்தில் இருக்கிறாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை.

“ஏம்மா, செய்யலியா?”

“செஞ்சு பாத்தேன் டீச்சர். மூச்ச நிறுத்துனா வெளிச் சத்தம் ரொம்ப கேக்குது.”

“என்ன சத்தம்?”

“மண்ணு வர்ற மாதிரி.”

யாரும் சிரிக்கவில்லை. பாடநூலில் இதற்கு ஒரு வரியும் இல்லை. மணி அடித்தது, தப்பித்தேன்.

ஜனவரி 21, புதன்

வெயில். எல்லோரும் துணி துவைத்தார்கள்.

குழுவின் நிகழ்ச்சிக்கு மண்டபம் வேண்டுமாம். நாளைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது? பழைய லயத்துக்குத்தான்.

அதிபரிடம் போனேன். “லயத்துக்கு மேல மேட்டுல வெடிப்பு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க சேர்.”

“தெரியும் டீச்சர். நான் பேசாம இருப்பேனா? மண்டபத்த இன்னும் எத்தன நாளைக்குக் குடுப்பீங்கன்னு மேலிடத்துல என்னையத்தான் கேக்குறாங்க.”

இடைவேளையில் தோட்ட ஆபிசுக்கும் நடந்தேன். கிளார்க் நல்ல மனிதர், பிளேன்டீ கொடுத்தார். “மேட்டப் பரிசோதிக்க ஆள் வரணும் டீச்சர். வந்து எழுதிக் குடுத்தாத்தான் வேற எடம். எப்ப வருவாங்கன்னு எங்களுக்குத் தெரியாது.”

தேநீரைக் குடித்தேன். திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஜனவரி 22, வியாழன்

காலையிலேயே போய்விட்டார்கள். சட்டி, பாய், கோழி ஒன்று. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மண்டபத்தைக் கூட்டினார்கள். சுவரில் அடுப்புக் கரி. அதை மறைக்க வண்ணத்தாள் ஒட்டினோம்.

சுகன்யா வகுப்புக்கு வரவில்லை. சாமான் தூக்கியிருப்பாள்.

ஜனவரி 23, வெள்ளி

குழு வந்தது. நல்ல பிள்ளைகள், எல்லோருக்கும் இருபத்தைந்து வயதுக்குள். பாட்டு, விளையாட்டு, தின்ன ஆளுக்கொரு பணிஸ். பிள்ளைகள் உண்மையாகவே சிரித்தார்கள். கொஞ்ச நேரம் நானும்.

கடைசியில் ஆளுக்கொரு பலூன். மனக் கவலையை அதற்குள் ஊதி அடைத்து, எல்லோரும் ஒன்றாக உடைக்க வேண்டும்.

உடைத்தார்கள். கீழ் லயத்துப் பிள்ளைகள் மட்டும் ஒரே ஓட்டமாக வெளியே. விளையாட்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு மேட்டைப் பார்த்தார்கள். சுகன்யா ஒரு தங்கையை இடுப்பில் தூக்கியிருந்தாள், மற்றவள் கையைப் பிடித்திருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

“பலூன்தாம்மா.”

“தெரியும் டீச்சர்,” என்றாள். ஆனால் உள்ளே வரவில்லை.

குழுவில் ஒரு பெண் அழுதுவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மணிக்கு வேனில் ஏறினார்கள்.

ஜனவரி 26, திங்கள்

விடியற்காலையிலிருந்து கனத்த மழை. வகுப்பில் ஒன்பது பேர். பாடம் நடத்தவில்லை.

நேற்று முழுவதும் ஒரே யோசனை. இன்று மத்தியானம் சுகன்யாவின் அம்மா பிள்ளைகளை அழைத்துப்போக வந்தார், கொழுந்து பறித்த மலையிலிருந்து நேரே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல். கேட்டுவிட்டேன்.

“மழை விடும்வரைக்கும் சுகன்யாவ எங்கூட அனுப்புங்க. தலவாக்கலையில ரூம்ல இருக்கேன். ஸ்கூலுக்கும் சேந்தே வந்துருவோம்.”

அவர் மழையைப் பார்த்தார்.

“ஒங்க மனசுக்கு நல்லா இருக்கணும் டீச்சர். இவள மட்டும் அனுப்பிட்டா, ராவுல மண்ணு வந்தா சின்னதுங்கள யாரு தூக்கிட்டு ஓடுறது? இருட்டுல ரெண்டையும் நா ஒருத்தியா தூக்க முடியுமா?”

சுகன்யா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சின்னவளின் தலைக்குப் பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டினாள்.

“போயிட்டு வர்றோம் டீச்சர்.”

அம்மா மறுத்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. என் அறையில் ஒரே ஒரு கட்டில். வீட்டுக்காரம்மாவிடம் கேட்கவே இல்லை. அதை நினைக்க நினைக்க வெட்கம்.

நான்கு பேரும் லயத்துக்குப் போகும் கீழ் ரோட்டில் இறங்கினார்கள். பஸ் வந்தது. ஏறினேன். மழை விடவில்லை.