எரியாத புண்

திண்டிவனம்
7.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி எழுதுகிறேன். போனில் பேசினால் "ம்", "சரி" இரண்டையும் தவிர நீங்கள் எதுவும் சொல்வதில்லை. நிச்சயமானதிலிருந்து கல்யாணம் வரைக்கும் எனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்தானே? அதனால் கடிதம்.

உங்கள் உப்பளத்துக் கொளஞ்சி அக்கா, மகளுடைய வளைகாப்புக்குச் சாமான் வாங்க இங்கே வந்தவர்கள், நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். "உன் வீட்டுக்காரரு பின்னங்கால்ல புண்ண வெச்சிக்கிட்டு, துணிய சுத்திக்கிட்டு உப்புப் பாத்தியில நிக்குறாரு. பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து இருக்குது. கேட்டா ஆறுதுன்றாரு" என்றார்கள். எந்தக் கால் என்று கேட்டேன். வலது கால், கெண்டைச் சதை. சைலன்சர் சுட்ட தழும்பு இருக்கிற இடம்தானே?

கல்யாணமான மறு வருஷம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் பாண்டிச்சேரிக்குப் படம் பார்க்கப் போனோம். கூனிமேட்டுக்கு அருகே மணலில் சறுக்கி வண்டி உங்கள் கால்மேல் விழுந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடைக்கார பாய் டூத்பேஸ்ட் கொடுத்தார், நான் தடவினேன், நீங்கள் "படம் போட்டுடுவான், ஏறு" என்று வண்டியை உதைத்தீர்கள். இடைவேளைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். கதை புரியாமலே அவ்வளவு சிரித்தேன்.

பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து ஆறாமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும் என்று படித்திருக்கிறேன்.

நாம் தனித்தனியாக இருக்க ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகிறது. சண்டைகூட ஒழுங்காகப் போடவில்லை. எனக்கு இங்கே வேலை கிடைத்தது, நீங்கள் உப்பளத்தை விட்டு வரவில்லை. வாராவாரம் வந்துபோனது மாதம் ஒருமுறை ஆனது, பிறகு அதுவும் நின்றது. அதற்காகப் புண்ணைப் பற்றிக்கூட நான் கேட்கக் கூடாதா?

பதில் எதிர்பார்க்கும்,
யுவராணி

மரக்காணம்
15.3.2025

ராணிக்கு,

லெட்டர் கிடைச்சது. போஸ்ட்மேன் உப்பளத்துக்கே வந்து குடுத்தாரு. எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு "கோர்ட்டு நோட்டீஸா அண்ணே?"ன்னு கேட்டானுங்க. சவரிமுத்துதான், "டேய், கோர்ட்டு இவ்ளோ அழகா எழுதாதுடா"ன்னான்.

கொளஞ்சிக்கு வாய் ஜாஸ்தி. அதே இடந்தான். தழும்பு அப்பப்ப வெடிக்கும், தானா மூடிக்கும். இந்தத் தடவ மூடல. ஓரம் மட்டும் கெட்டியா மேடா இருக்குது, தொட்டா ரத்தம் கசியுது. ஆனா நம்ம கணக்கு உனக்கே தெரியும். பாத்தித் தண்ணியில கால வெச்சா எரிஞ்சா பச்சப் புண்ணு, எரியலன்னா ஆறுதுன்னு அர்த்தம். இது எரியவே இல்ல. இங்க எல்லாரும் அப்படித்தான் பாத்துக்குறோம், ஆஸ்பத்திரிக்கா ஓடுறோம்?

வெயில் இப்பதான் ஏறுது, உப்பு நல்லா விளையுது. மழைக்கு வேல நின்னதும் காட்டுறேன்.

அந்தப் படத்துல யாரு கொலை பண்ணதுன்னு எனக்கு இன்னும் தெரியாது.

தட்சணாமூர்த்தி

திண்டிவனம்
19.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எரியவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். சாயங்காலம் நீங்கள் வந்ததும் கிணற்றடியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிவிட்டது நான்தானே? முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கழுவக் கழுவ உங்கள் நிறம் திரும்பி வரும். எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை என்று கேட்டுக் கேட்டு எண்ணெய் தடவுவேன். கீறலுக்கும் வெடிப்புக்கும் அந்தக் கணக்கு சரியாக இருந்தது. இது வேறு. கெட்டியான ஓரம், தொட்டால் ரத்தம், மாதக்கணக்கில் ஆறாதது. வலியே இல்லாமலும் இது வளருமாம்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. காலையில் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். சேர்ந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நீங்கள் வரவில்லை என்றால் உப்பளத்துக்கே வந்து எல்லார் முன்னாலும் கூப்பிடுவேன்.

யுவராணி

திண்டிவனம்
12.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அன்றைக்கு மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்தார்களே, அதன் ரிசல்ட்டை நேற்று நான் போய் வாங்கினேன். போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் "ம்" என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

புற்றுநோய்தான். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று போட்டிருக்கிறார்கள். தோலின் மேல்பக்கத்தில் மீன் செதிள் மாதிரி தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்குமாம், அவை அடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். தீக்காயத் தழும்பு வருஷக்கணக்கில் வெடித்து மூடி, வெடித்து மூடி இருந்தால் அங்கே வரலாம் என்றார் டாக்டர். அந்த அம்மா பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். புண்ணையும் அதைச் சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டுவார்கள். மே முதல் வாரம் வரச் சொல்கிறார்.

பஸ்ஸில் கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றித் திரும்பி வரும்போது கூனிமேட்டில் அந்தக் கடையைத் தேடினேன். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது.

யுவராணி

மரக்காணம்
17.4.2025

ராணிக்கு,

படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்.

ஆபரேஷன் வேணாம். சவரிமுத்துவோட மாமனாருக்குச் சக்கரைப் புண்ணு. விரலுதான்னு சொல்லி உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டு வெளிய அனுப்புனாங்களாம். டாக்டரம்மா நல்லவங்கதான். நல்லவங்க பாதியத்தான் சொல்லுவாங்க. மயக்கம் குடுத்த பிறகு எனக்காகக் கேக்க யாரு இருக்குறா? ஒரு கால வெச்சிக்கிட்டுப் பாத்தியில எப்படி இறங்குவேன்? இருக்குற வரைக்கும் ரெண்டு காலோட இருந்துட்டுப் போறேன்.

கோச்சுக்காத. நீ இவ்ளோ தூரம் வந்ததே போதும்.

தட்சணாமூர்த்தி

திண்டிவனம்
20.4.2025

மாமா,

கேட்க யார் இருக்கிறார்கள் என்றா எழுதுகிறீர்கள்? ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று டாக்டருக்குப் போன் போட்டு, பாதி வேண்டாம், முழுசும் சொல்லுங்கள் என்று கேட்டேன். எலும்பை இன்னும் தொடவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை, அன்றைக்கு எடுத்த ஸ்கேனிலும் எதுவும் இல்லை. அதனால் இன்றைக்குப் போகப்போவது தோலும் கொஞ்சம் சதையும்தான். மழைக்காலம் வரை விட்டால் இதே வார்த்தையைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். காலைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இப்போது வெட்ட வேண்டும்.

நீங்கள் இல்லாமல் இருக்க எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். நீங்கள் மரக்காணத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததால்தான் அது பழகியது. இப்போதுதான் இது புரிகிறது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவேன்.

யுவராணி

திண்டிவனம்
29.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? நேற்று டாக்டரைக் கேட்டேன். வெட்டி எடுத்த ஓரங்களில் நோய் மிச்சம் இல்லை, ஒட்டிய தோலும் நன்றாகப் பிடித்துவிட்டது என்றார். மயக்கம் தெளிந்ததும் நீங்கள் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தேடியது அடிக்கடி ஞாபகம் வருகிறது. நானும் அதற்கு முன்பே தொட்டுப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் பாத்தியில் இறங்கவில்லை, கொட்டகை நிழலில் மூட்டை எடை பார்க்கிறீர்கள் என்று கொளஞ்சி அக்கா சொன்னார்கள். கரையில் உட்கார்ந்து அடுத்தவர்கள் உப்பு வாருவதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் போக வேண்டும். இது திரும்ப வரலாம், வேறு இடத்திலும் வரலாம் என்பதால் மாதம் ஒரு தடவை உடம்பு முழுவதையும் பார்க்கச் சொன்னார். உங்கள் கால்களை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். முதுகையும் பிடரியையும் காதுக்குப் பின்னாலும் இன்னொரு ஆள்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 11 வெள்ளிக்கிழமை வருகிறேன். பார்த்துவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிடுவேன். திண்டிவனத்துக்குத்தான் அடிக்கடி பஸ் இருக்கிறதே.

யுவராணி

மரக்காணம்
4.7.2025

ராணிக்கு,

தோலு நல்லா பிடிச்சிக்கிச்சு. கலருதான் ஒத்துவரல. சவரிமுத்து, "அண்ணனுக்குப் புது டயரு"ன்றான்.

நீ பஸ்ஸ நம்பாத. இப்பல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல திண்டிவனம் பஸ்ஸு ஒண்ணுகூட நிக்கிறதே இல்ல. கொளஞ்சியக் கேட்டாலும் அதையேதான் சொல்லும், சொல்லி வெச்சிருக்கேன். சனிக்கிழமை காலையிலதான் வண்டி. மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வா.

தட்சணாமூர்த்தி