பாதர் சொல்லியிருக்கக் கூடாது

ஜூன் 7, சனி

‘பாதர் சந்தியோகு’ நாடகம் இன்று பின்னேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது சீசனின் கடைசிப் பகுதி. 1938ஆம் ஆண்டுக் கொட்டாஞ்சேனை, ட்ராம் வண்டிகள், சைக்கிளில் திரிந்து கொலைகளைத் துப்பறியும் ஒரு பங்குத் தந்தை. யூடியூபில் கிழமைக்கு ஒன்றாகப் போட்டார்கள்.

முதல் சீசனை மகள் ஆரணியும் நானும் இதே சோபாவில் இருந்து பார்த்தோம். கொலைகாரன் யார் என்று அரைவாசியிலேயே சொல்லிவிடுவாள், எனக்குக் கோபம் வரும். இம்முறை நான் தனியே பார்த்தேன். அவளுடைய அப்பா அறைக்குள் பேப்பரோடு.

கதை இப்படி முடிந்தது. கடைக்கார முதலாளியைக் கொன்றதாக ஒரு வண்டிக்காரனுக்குத் தூக்குத் தீர்ப்பாகிறது. முதலாளியின் மனைவி பாவசங்கீர்த்தனத்தில், நஞ்சு கொடுத்தது நான்தான் என்று பாதரிடம் சொல்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது. பாதர் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுகிறார். வண்டிக்காரன் தப்புகிறான். அந்த மனுசியைக் கொண்டு போகிறார்கள். பாதர் அங்கியைக் கழற்றி மடித்து, கதிரையில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறார்.

முடிந்த பிறகும் எழும்ப முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சமையலை விட்டுவிட்டுக் கொமெண்டுகளை வாசித்தேன். ஆயிரத்து நானூறுக்கு மேல். “ஒரு உயிரைக் காப்பாத்தினவர், அவர்தான் உண்மையான குருவானவர்.” “எந்தப் பாதரும் இப்படிச் செய்ய மாட்டார், எழுதினவருக்குச் சமயம் தெரியாது.” “மூன்றாவது சீசன் எப்ப?” “அந்த மனுசி அழுத அழுகை, என்னால தாங்க ஏலாமல் போச்சு.”

ஏன் இவ்வளவையும் வாசிக்கிறேன்? உண்மையைச் சொல்லு, நேசமலர். அவளும் எங்கேயோ இருந்து இதைப் பார்த்திருப்பாள். பார்த்தால் எழுதாமல் இருக்க மாட்டாள். ஆயிரத்து நானூறு பேருக்குள் நான் என் பிள்ளையைத் தேடுகிறேன்.

நவம்பர் மாதம் அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். “அம்மா, நிஸாமோட ரெஜிஸ்டர் பண்ணிட்டன். இப்ப வயித்தில ரெண்டு மாதம். அப்பாட்டை நானே சொல்லுவன், நீங்கள் சொல்லாதேங்கோ.” அன்று பின்னேரமே நான் அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் அவளுடைய ஒபிசுக்குப் போய், எல்லோருக்கும் முன்னால் அவளுக்குக் கை நீட்டினார். அதன் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

நூறாம் நம்பர் பஸ்ஸில், கொள்ளுப்பிட்டி வருவதற்குள் கண்டுபிடித்தேன். பெயர் இல்லை, ‘கடல் காற்று’ என்று மட்டும். “வண்டிக்காரன் தப்பினது சரி. ஆனா அந்த மனுசி பாதரை நம்பித்தானே சொன்னவ? அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. பாதர் சொல்லியிருக்கக் கூடாது.”

இது அவள்தான். அவளேதான். இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன். ஒபிஸ் வாசலில் நின்று பதில் போட்டேன்: “ஆரணியோ? அம்மா கேக்கிறன்.”

ஜூன் 10, செவ்வாய்

பதில் இல்லை. அவளுக்கு இது பத்தாம் மாதம். இடுப்புவலி வந்தால் யாரைக் கூப்பிடுவாள்?

ஜூன் 11, புதன்

மத்தியானம் பதில் வந்தது. “இல்ல அன்ரி, என்ட பேர் பர்ஹா. நான் கம்பஸ்ல படிக்கிற. ஆரணி எண்டா ஆரு?”

ஒபிஸ் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரியில் நுகேகொடையில் ஒரு விலாசம் கிடைத்துப் போனேன். அவர்கள் வீடு மாறிவிட்டார்கள் என்று கீழ்வீட்டு மனுசி சிங்களத்தில் சொன்னாள். எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு தேட இடமே இல்லை. இந்தக் கொமெண்டு ஒன்றுதான் இருந்தது. அதுவும் வேறு யாரோ பெற்ற பிள்ளை.

ஜூன் 12, வியாழன்

பர்ஹாவுக்குப் பதில் எழுதத் தொடங்கி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், எல்லோரும் பார்க்கிற இடத்தில், என் சொந்தப் பெயரில்.

“ஆரணி என் மகள். முஸ்லிம் பெடியன் ஒருவனைக் கலியாணம் செய்ததை அவள் என்னை நம்பிச் சொன்னாள், நான் அதை அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். பாதர் ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். நான் யாரையும் காப்பாற்றவில்லை. வேறு ஆட்கள் மூலம் தெரியவந்தால் அவர் என்னைத்தான் ஏசுவார் என்று பயந்து சொன்னேன். மகள், நீ இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டாம். சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லு.”

இத்தனை மாதமும் அவளுடைய நன்மைக்குத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தை எழுதின பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜூன் 13, வெள்ளி

முந்நூறு பதில்கள். “கடவுள் துணை அம்மா.” “சோனகனோட போனவளுக்கு என்ன அழுகை?” “நாடகத்தைப் பற்றிக் கதையுங்கோ, குடும்பக் கதை வேண்டாம்.” அவளுடையது ஒன்றும் இல்லை.

அவருடைய தங்கச்சி மகன் கார்த்திகன் கனடாவில் இருந்து நான் எழுதினதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டான்.

“ஊருக்கெல்லாம் ஒப்பாரி வைச்சு முடிஞ்சுதோ?” என்றார். போனை மேசையில் எறிந்தார்.

“நீங்கள் கை நீட்டினதை நான் எழுதேல்லை” என்றேன்.

முப்பது வருஷத்தில் அவருக்கு நான் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிடவில்லை. இருவரும்தான்.

ஜூன் 16, திங்கள்

பத்தரை மணிக்கு ஒபிசுக்குள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“நீங்க ஆரணிட உம்மாவா? நான் நிஸாம்ட உம்மா, பலீலா. அந்தப் பாதர் நாடகம் நானும் பாக்கிற. நீங்க எழுதினத்தப் பாத்தேன். நம்பர மகன்ட போன்லதான் எடுத்த.”

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

“புள்ள காலேலேந்து ஆஸ்பத்திரில ஈக்கிறா. ஒங்களுக்குச் செல்ல வாணாம் எண்டுதான் சென்னா. எனக்கு மனசு கேக்கல்ல. வாங்க, கேற் கிட்ட நான் நிக்கிறேன்.”

கைப்பையைத் தூக்கிவிட்டேன். வாசல் வரை வந்தும் விட்டேன். பிறகு —

“சொல்ல வேண்டாம் எண்டு அவள் உங்களிட்டைச் சொன்னவளோ?” என்று கேட்டேன்.

“ஓ, சென்னா.”

“அப்ப நான் வரேல்லை. நீங்கள் பக்கத்தில இருங்கோ. அவள் கூப்பிட்டால் வாறன்.”

சரிதானே? பிழையோ? என் பிள்ளை நோவில் கிடக்கிறாள், நான் ஃபைலில் நம்பர் பதிந்துகொண்டிருக்கிறேன். ஐயோ, ஏதும் ஆகிவிட்டால்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். வீட்டில் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. பலீலாவிடம் இருந்தும் ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

லீவு போட்டேன். அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது.

“அம்மா.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“பெடியன். காலமை ஆறு அம்பதுக்கு.”

“நீ எப்பிடி?”

“இருக்கிறன்.” பின்னால் ஒரு குழந்தை அழுதது, அவளுடையதோ வேறு யாருடையதோ. “மாமி உங்களிட்டைச் சொன்னது எனக்குத் தெரியும். ஏன் நீங்கள் வரேல்லை?”

“நீ கூப்பிடேல்லையே.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“நாளைக்குப் பின்னேரம் வாங்கோ. தனிய. அப்பாட்டை நான் சொல்லுவன், எனக்குச் சொல்லேலுமான நேரம்.”

“ஓம் பிள்ளை.”

போனை வைத்து ஐந்து நிமிஷம் இருக்காது, அவர் மீன் பையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“ஆர் போன்?”

“எனக்குத்தான்.”

அவர் அங்கேயே நின்றார். நான் மீனுக்குப் பிழியத் தேசிக்காயை வெட்டிக்கொண்டிருந்தேன். சொல் என்று நெஞ்சு அடித்தது, சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒருநாளும் செய்யாதவர், பையைத் தானே அவிழ்த்து மீனைக் கழுவத் தொடங்கினார்.