பூஜைக்கு வைத்த வண்டி

2009 ஆகஸ்ட் 30, ஞாயிறு

செவிலிமேட்டுக் கரையில் இன்று நல்ல கூட்டம். பைக் மாதிரி இருக்கும் எங்கள் நாலு சக்கர மணல் வண்டியில், காசு கொடுத்துப் பாலாற்று மணலில் ஒரு சுற்றுப் போகப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. சரிவில் இறங்கும்போது பின்பக்கம் கிரீச்சென்று ஒரு சத்தம். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது. அதற்கும் அப்பால் மணல் அள்ளிய பள்ளம்.

செப்டம்பர் 2

சொன்னேன். "உனுக்கு எதுலதான் பயம் இல்ல?" என்று சிரிக்கிறார்.

செப்டம்பர் 9

மெக்கானிக் தாவீதை நானே வரச்சொன்னேன். குனிந்து பார்த்ததுமே உச்சுக்கொட்டினார். முன் பிரேக் எப்போதோ செத்துவிட்டதாம். அதற்குப் பாகமும் கிடைக்காதாம். பின் அச்சில் தாழ்வாகத் தொங்கும் ஒரே ஒரு டிஸ்க்தான், பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்புத் தட்டுதான், வண்டியை நிறுத்துகிறது. அதுவும் கல்லில் அடிபட்டு வளைந்து, மணல் தின்று தேய்ந்து கிடக்கிறது.

"இத்த நம்பியாமா கொயந்தைங்கள ஏத்துறீங்க?" என்றார்.

இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். தாவீது போனதும் பெரிய சண்டை. டிஸ்க் மாற்றாமல் வண்டியை எடுத்தால் தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையையும் அதில்தானே ஏற்றுகிறார்!

செப்டம்பர் 17

சென்னைப் புதுப்பேட்டை முழுக்க அலைந்து இவரே டிஸ்க் வாங்கி வந்தார். தாவீது மாட்டிக் கொடுத்தார். கல் அடிக்காமலிருக்க அடியில் இரும்புத் தகடு ஒன்றும் வளைத்துப் பொருத்தினார். ஓட்டிப் பார்த்தோம். சொன்ன இடத்தில் நிற்கிறது. அப்பாடா.

செப்டம்பர் 20

இவரா இப்படி? காலையில் காபிக்கு முன்பே டிஸ்க்கைத் துணியால் துடைக்கிறார். "ஆத்தங்கர ஈரம், துரு புடிச்சுடும்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார். சிரிப்பாக வந்தது.

செப்டம்பர் 25

வாலாஜாபாத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். கிளம்புகிறேன். தேன்மொழி வரமாட்டேன் என்று ஒரே அடம். விஜயதசமியன்று முதல் சுற்று அவளுக்குத்தான் என்று நைனா சொல்லியிருக்கிறாராம். விட்டுவிட்டுப் போக மனசே இல்லை. ஏன்? வண்டியைத்தான் சரிசெய்தாயிற்றே.

செப்டம்பர் 27, ஆயுத பூஜை

போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குஷி. வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிவிட்டாராம். "இரும்பு சாமான் அத்தினிக்கும் நல்லெண்ண பூசிட்டேன். உன் டிஸ்க்குக்கு மட்டும் ரெண்டு தபா. கண்ணாடி மாதிரி மின்னுது!"

அரிவாள், மண்வெட்டிக்கு எண்ணெய் பூசிச் சாமி முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். பூஜைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. நாளைக் காலையில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வண்டியை எடுப்பார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் மனசு என்னவோ ஒருநிலையில் இல்லை. அம்மாவின் காய்ச்சல்தான் காரணம் போல.

செப்டம்பர் 28

போன் வந்தது. வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். ஐயோ, என் தேன்மொழி—

அக்டோபர் 3

ஆஸ்பத்திரி. இவருக்குத் தோளில் கட்டு. குழந்தையின் வலது காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள், ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகவே இருக்கும் என்கிறார் டாக்டர். "மிதிச்சேன் ரேவதி, மிதிச்சுக்கினேதான் இருந்தேன். நிக்கவே இல்ல." வேறு பேச்சே இல்லை இவருக்கு.

அக்டோபர் 8

வீட்டுக்கு வந்துவிட்டோம். "அந்தாளு ஒழுங்கா மாட்டல. போலீசுல புடிச்சுக் குடுக்காம வுட மாட்டேன்" என்று இவர் கத்துகிறார்.

தாவீதிடம் போனேன். பள்ளத்திலிருந்து தூக்கிய வண்டி அவர் கடை வாசலில்தான் கிடக்கிறது. டிஸ்க்கில் விரலைத் தேய்த்துக் காட்டினார். பிசுபிசுப்பு. நல்லெண்ணெய் வாசனை.

"எண்ணெய பூசி வச்சா பிரேக்கு எப்டிமா புடிக்கும்?"

போனில் என்னிடம் சொன்னாரே! என் மரமண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? இதை இவரிடம் எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் தாவீதின் கதி?

அக்டோபர் 12

நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சட்டையை எடுத்து வைத்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பேச்சில் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எண்ணெயைச் சொல்லிவிட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவியேன்னுதான் பூசினேன்" என்றார்.

உள்ளேயிருந்து தேன்மொழி தண்ணீர் கேட்டாள். இரண்டு பேருமே எழுந்தோம்.