படத்தில் பை வாங்குவது நான்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அங்கே யாருடைய போனிலாவது என் படம் வந்தால் பதறாதீர்கள். கைநீட்டி அரிசிப் பை வாங்குவது நான்தான். அந்தப் பையைக் கட்டியதும் நான்தான்.

தொற்று பரவியதிலிருந்து, வேலை முடிந்ததும் இங்குள்ள அறக்கட்டளையில் பை கட்டுகிறேன். கையுறையெல்லாம் கிழிந்துவிட்டது, புதிது வேண்டும் என்று கேட்டிருந்தோம். நேற்று தன்னார்வலர்களுக்கு ஆதரவு தரப் புரவலர் வந்தார். கையுறை வரவில்லை, அவர் முகம் போட்ட பேனர் வந்தது. அரிசி வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் படத்துக்கு நிற்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, உங்க மூஞ்சிதான் நல்லா வாடியிருக்கு. நீங்களே வாங்கிக்குங்க. மாஸ்க்கைக் கழட்டிட்டு கொஞ்சம் சோகமா பாருங்க."

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, நான் கட்டிய பையை நானே வாங்கினேன். இதற்குப் பெயர் ஆதரவாம். அவர் போனதும் பேனரைத் தரையில் விரித்து, அந்த மூஞ்சியின் மேலேயே வெங்காயத்தைக் கொட்டினோம்.

மாஸ்க் தைக்க உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன்.

வண்டி வந்துவிட்டது, மூட்டை இறக்க வேண்டும். படத்தில் இருக்கும் சோகம் வெறும் நடிப்புதான் அம்மா. ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது என்று அவரே பாராட்டினார்.

உங்கள் மகன்